பிள்ளையைக் கைமாத்துறதுக்குக் கோயிலை விட நல்ல இடம் எது?

நீளமான பதிவு. பொறுமை உள்ளவங்க படிங்க. வாட்ஸ்அப் குரூப்புல எழுதினா பாதியிலேயே யாராவது காலை வணக்கம் படம் போட்டு மேல தள்ளிடுவாங்க, அதனாலதான் இங்க எழுதறேன்.

போன வாரம் நம்ம கோயில் குரூப்புல ஒரு செய்தி வந்துச்சு. போட்டவர் பேர் வேணாம். சாரம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலையில, புருசன் பொண்டாட்டி பிரிஞ்ச சில பேர் கோயில் வாசல்ல வந்து பிள்ளைகளைக் கைமாத்திக்கறாங்களாம். அம்மா கொண்டாந்து விடறாங்க, அப்பா கூட்டிட்டுப் போறார், சாயங்காலம் திரும்ப அதே இடத்துல ஒப்படைக்கறார். "இது கோயில், கோர்ட் வளாகம் இல்லை. நல்லா வாழற குடும்பங்க வர்ற இடத்துல இதெல்லாம் நல்ல சகுனம் இல்லை. கமிட்டி நிறுத்தணும்." இதுக்குப் பதினாலு பேர் கைகூப்பற படம் போட்டிருந்தாங்க. ரெண்டு பேர் "சரியா சொன்னீங்க அண்ணே".

எனக்கு அது சரியாப் படலை. நிறுத்தவே கூடாதுன்னு சொல்றேன். ஏன்னு விளக்கமா எழுதறேன். ஒரு விசயம், இதுல வர்றவங்க யார்னு தேடாதீங்க. நாலஞ்சு குடும்பத்துல பார்த்ததைக் கலந்துதான் எழுதறேன்.

முதல்ல சகுனத்தைப் பத்திப் பேசிடுவோம். நம்ம கோயிலுக்கு யார் யார் வர்றாங்க? அண்ணன் தம்பி நிலத்தகராறுல கேஸ் ஜெயிக்கணும்னு அர்ச்சனை பண்றாங்க. அதுக்குச் சீட்டு கிழிச்சுக் கொடுக்கறோம். மகன் போலீஸ்ல மாட்டியிருக்கான், வெளிய வரணும்னு நெய்விளக்கு ஏத்தறாங்க. கடன்காரன் வீட்டு வாசல்ல சாயம் ஊத்திட்டுப் போயிட்டான்னு அழுதுகிட்டே வந்தவங்களைக் கூட நாம உட்கார வச்சுச் சாப்பாடு போட்டிருக்கோம். அவ்வளவு ஏன், கமிட்டியே ரெண்டாப் பிரிஞ்சு கோர்ட்டுக்குப் போன கோயில் இந்த நாட்டுல ஒண்ணா ரெண்டா? அப்ப எல்லாம் சாமிக்குச் சகுனம் கெடலை. ஒரு எட்டு வயசுப் பிள்ளை பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா மட்டும் கெட்டுடுச்சா?

அந்தப் பிள்ளைங்கள்ல சிலதை எனக்குக் கைக்குழந்தையிலேர்ந்து தெரியும். தைப்பூசத்துக்குக் கரும்புத் தொட்டில் எடுத்த பிள்ளைங்க. மஞ்சள் சேலையைக் கரும்புல கட்டி, உள்ள பிள்ளையைப் போட்டு, முன்பக்கம் அப்பா தோள்ல, பின்பக்கம் அம்மா தோள்ல வச்சு வந்தாங்க. நாம எல்லாரும் வழிவிட்டோம், "வேல் வேல்"னு சத்தம் போட்டோம், ஓடிப்போய்த் தண்ணி கொடுத்தோம். பிள்ளைவரம் கேட்டு வாங்கின இடம் இது. அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு கஷ்டம் வந்திருக்கு. இப்ப மட்டும் வேற இடம் பார்த்துக்கோன்னா என்ன நியாயம்?

சரி, வேற இடம்னா எந்த இடம்? அதையும் யோசிச்சுப் பாருங்க. அம்மா வீட்டு வாசல்னா, உள்ள இருந்து பாட்டி எட்டிப் பார்த்து நாலு வார்த்தை விடும், பிள்ளை காதுல விழும். அப்பா இருக்கற இடம்னா, அவர் மூணு பேரோட ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்கார், அங்க ஒரு பொம்பளை தனியா காரை ஓட்டிக்கிட்டு வர முடியுமா? பேரங்காடி கார் பார்க்ல மாத்திக்கறவங்க இருக்காங்க. போலீஸ் நிலையத்து வாசல்ல வச்சு மாத்திக்கறவங்களும் இருக்காங்க. சட்டப்படி அதுல தப்பு இல்லை, சில பேருக்குப் பாதுகாப்புக்கு அது தேவையும் கூட. ஆனா ஒண்ணாம் ஆண்டு படிக்கற பிள்ளை வாராவாரம் போலீஸ் நிலையத்துக்குப் போனா அது மனசுல என்ன நினைக்கும்? நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னுதானே?

கோயில் அப்படி இல்லை. பிள்ளைக்கு இந்த இடம் தெரியும். செருப்பு எங்க விடணும், குழாய் எங்க இருக்கு, எந்தத் தூண்கிட்ட உட்கார்ந்தா மின்விசிறி காத்து வரும், எல்லாம் தெரியும். ஞாயிறு காலையில 9 மணிக்குச் சமய வகுப்பு. அம்மா வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடறாங்க. 11 மணிக்கு வகுப்பு முடியும், அப்பா வந்து நிப்பார். நடுவுல ரெண்டு மணி நேரம். அதனால ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, சண்டைக்கு வாய்ப்பும் இல்லை. பிள்ளையைப் பொறுத்த வரைக்கும் அது கைமாறவே இல்லை, வகுப்புக்கு வந்துச்சு, தேவாரம் பாடுச்சு, அப்பாவோட உட்கார்ந்து அன்னதானம் சாப்பிட்டுச்சு. அவ்வளவுதான். இதை யார் முதல்ல கண்டுபிடிச்சாங்களோ தெரியலை, பெரிய படிப்பு படிச்சவங்க கூட இவ்வளவு நல்லா யோசிச்சிருக்க மாட்டாங்க. இதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே!

அடுத்து இன்னொரு பேச்சு. "நாம இப்படி இடம் கொடுத்தா பிரியறவங்க எண்ணிக்கை கூடிடும்." ஐயா, கோயில்ல பெஞ்ச் இருக்குன்னு யாரும் கல்யாணத்தை முறிச்சுக்கறது இல்லை. இந்த நாட்டுல முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976ஆம் வருசத்துத் திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கு. 1982 மார்ச் 1லேர்ந்து நடப்புல இருக்கு. அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகாம மனு போடவே முடியாது, ரொம்பக் கொடுமையான சூழ்நிலைன்னு நீதிபதி ஒத்துக்கிட்டா தவிர. ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதிச்சுப் போடற மனு ஒரு வழி. ஒருத்தர் மட்டும் போடறதா இருந்தா, பெரும்பாலும் முதல்ல சமரசக் குழு முன்னாடி போய் உட்காரணும். அதுக்கு ஆறு மாசம் வரைக்கும் போகும். அப்புறம் கோர்ட். தீர்ப்பு வந்த பிறகும் மூணு மாசம் காத்திருந்துதான் அது உறுதியாகும். இத்தனை வாசப்படி ஏறி இறங்கி, வேலைக்கு லீவு போட்டு, வக்கீலுக்குக் காசு கட்டி வந்தவங்களைப் பார்த்து "அவசரப்பட்டுட்டீங்களே"ன்னு கேக்கறோம். அவங்க படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு நமக்குத் தெரியாது.

அதே சட்டத்துல இன்னொரு விசயம் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. சமரசம் பேசற குழுவை அரசாங்கம் மட்டும்தான் வைக்கணும்னு இல்லை. ஒரு சமயமோ சமூகமோ சங்கமோ அதுக்குரிய அதிகாரத்துல ஒரு மன்றம் அமைச்சா அதையும் சட்டம் ஏத்துக்குது. ஆக, நம்ம ஆளுங்களுக்குச் சேர்த்து வைக்கணும்னு உண்மையிலேயே அக்கறை இருந்தா வழி இருக்கு. முறையா ஆள் போடுங்க, பயிற்சி எடுங்க, கதவைச் சாத்தி ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பேசுங்க, வெளிய ஒரு வார்த்தை போகாம காப்பாத்துங்க. நானே வந்து தேநீர் கலக்கித் தர்றேன். ஆனா செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல நின்னுக்கிட்டு, போற வர்ற பொம்பளையை நிறுத்தி, "என்னம்மா, இன்னும் சேரலையா"ன்னு கேக்கறதுக்குப் பேர் சமரசம் இல்லை. வம்பு.

"பிள்ளைக்காகவாவது பொறுத்துப் போயிருக்கலாம்." இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சொல்றவங்க கெட்டவங்க இல்லை. நம்ம அம்மா பாட்டி எல்லாம் தோட்டத்து லயத்துல எதை எதையோ பொறுத்துக்கிட்டு நம்மளை வளர்த்தாங்க. அந்தப் பழக்கத்துல வர்ற பேச்சு. சில குடும்பம் பொறுத்துப் போய் நல்லாவும் ஆயிருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா முடிஞ்சு போன ஒண்ணைப் பத்தித் திரும்பத் திரும்பச் சொல்றதுனால யாருக்கு என்ன லாபம்? அந்த அம்மா பத்து வருசம் பிள்ளைக்காகப் பொறுத்தாங்களா, பதினஞ்சு வருசம் பொறுத்தாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்டுல அடி விழுந்துச்சான்னு தெரியுமா? அடி உதை இருக்கற இடத்துல பொறுத்துப் போன்னு அனுப்பறது பாவம். 1994லேயே குடும்ப வன்முறைச் சட்டம் போட்டாச்சு இந்த நாட்டுல. சட்டத்துக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரிய வேணாமா? அந்த அப்பா விசயமும் அப்படித்தான். "பொண்டாட்டியை வச்சுக் காப்பாத்தத் தெரியலை"ன்னு முதுகுக்குப் பின்னால பேசறோம். பதினெட்டு வருசம் சேர்ந்து வாழ்ந்த வீட்டை விட்டு ரெண்டு துணிப்பையோட வெளிய வந்த மனுசன் அவர்.

புராணத்தைக் காட்டிப் பேசறவங்களுக்குப் புராணத்துலேர்ந்தே கேக்கறேன். திருவண்ணாமலையில திருவூடல் விழா நடக்கும், சாமியும் அம்பாளும் சண்டை போட்டு அப்புறம் சேர்வாங்க. அதைச் சொல்லித்தான் போன வாரம் ஒருத்தர், "சாமியே சேரும்போது இவங்களுக்கு என்ன"ன்னார். சரி. சீதையம்மா கதையை மட்டும் ஏன் மறந்துட்டீங்க? வயித்துல பிள்ளையோட காட்டுல விடப்பட்டவங்க. வால்மீகி ஆசிரமத்துலதான் லவனும் குசனும் பிறந்தாங்க, அங்கதான் வளர்ந்தாங்க, வில் பிடிக்கவும் பாட்டுப் பாடவும் அங்கதான் கத்துக்கிட்டாங்க. வால்மீகி என்ன சொன்னார்? "இது ஆசிரமம், புருசனோட சேர்ந்து வாழறவங்க வர்ற இடம், வாசல்ல நிக்காதே"ன்னு சொன்னாரா? அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, "உங்கப்பா ஏன்டா வரலை"ன்னு கேட்டாரா? 1963ல வந்த லவகுசா படத்துல அஞ்சலிதேவி அழும்போது தியேட்டரே சேர்ந்து அழுததா எங்கம்மா சொல்வாங்க. திரையில வந்தா அழறோம். பக்கத்து வரிசையில உட்கார்ந்தா தள்ளி உட்கார்றோம்.

முருகப்பெருமானை எடுத்துக்குங்க. சரவணப் பொய்கையில கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்த பிள்ளை. ஒரு பிள்ளைக்கு ரெண்டு வீடு இருக்கறதுல என்ன குறை கண்டீங்க? நாம கும்பிடற சாமிக்கே ஆறு தாய்.

இப்ப நான் ரொம்ப வருத்தத்தோட சொல்ல வேண்டிய விசயத்துக்கு வர்றேன். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இதுக்குத்தான்.

பிள்ளைங்ககிட்ட கேள்வி கேக்கறாங்க. பெரியவங்களைக் கேட்டா பதில் வராதுன்னு, பிள்ளையைத் தனியாப் பிடிச்சுக் கேக்கறாங்க. "அம்மா எங்க, வரலையா?" "அப்பா இப்ப எங்க தங்கியிருக்கார்?" "அங்க வேற ஆன்ட்டி யாராச்சும் இருக்காங்களா?" "உனக்கு எந்த வீடு பிடிக்கும், சொல்லு பார்ப்போம்." கையில ஒரு மிட்டாயைக் கொடுத்துக்கிட்டே கேக்கறாங்க. ஒரு பையன், முன்னெல்லாம் அன்னதானத்துல ரசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிப்பான். கொஞ்ச நாளா உள்ள வர்றதே இல்லை. அவங்கப்பா தட்டுல வாங்கிட்டுப் போய் காருக்குள்ள வச்சுக் கொடுக்கறார். வெயில்ல, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு ரெண்டு பேரும் சாப்பிடறாங்க. ஏன் தம்பி உள்ள வந்து சாப்பிடலாமேன்னு அப்பாகிட்ட கேட்டேன். "அவன் வேணாங்கிறான்ணே, எல்லாரும் கேக்கறாங்களாம்"னார். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. நூறு பேருக்குச் சாப்பாடு போடறோம்னு பெருமையாப் படம் போடறோமே, ஒரு பிள்ளை நம்ம வாய்க்குப் பயந்து கார்ல உட்கார்ந்து சாப்பிடுது.

பிரிஞ்ச அப்பா அம்மாவுக்கு முன்னாடி இருக்கற வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்களோட சண்டைக்குள்ள பிள்ளையை இழுக்காம இருக்கறது. சொல்றதுக்குச் சுலபம், செய்யறவங்களுக்குத்தான் தெரியும். மனசு புண்ணா இருக்கும்போது பிள்ளை முன்னாடி சிரிக்கணும். கோபத்தை முழுங்கிக்கிட்டு "அப்பாகூட நல்லா விளையாடு"ன்னு சொல்லி அனுப்பணும். வாரம் பூரா அவங்க கஷ்டப்பட்டுக் கட்டின சுவரை, ஞாயிற்றுக்கிழமை நாம ஒரே கேள்வியில இடிச்சிடறோம். எந்த வீடு பிடிக்கும்னு கேட்டா பிள்ளை ஒரு பக்கம் சாயணும். சாஞ்சா மறுபக்கத்துக்குத் துரோகம் பண்ணின மாதிரி ராத்திரி பூரா அழும். கோர்ட்டுல நீதிபதி கூட, பிள்ளை சொந்தமாக் கருத்துச் சொல்ற வயசுல இருக்கான்னு பார்த்துத்தான் அதோட விருப்பத்தைக் கணக்குல எடுக்கணும்னு சட்டம் சொல்லுது. பிள்ளையோட வாழ்க்கையைச் சும்மா சும்மா மாத்திக் கலைக்கறது நல்லதில்லைன்னும் அதே சட்டம் யோசிக்கச் சொல்லுது. நாம என்னடான்னா பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே கேக்கறோம்.

அர்ச்சனைக் கவுண்டர்ல உட்கார்ற தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து அப்பா பேரையும் அம்மா பேரையும் சேர்த்துச் சொன்னா, ரெண்டையும் எழுதுங்க. "அவர்தான் இப்ப உங்ககூட இல்லையே"ன்னு கேக்காதீங்க. பேரையும் நட்சத்திரத்தையும் கேக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. திருவிளக்குப் பூசையில, பிரிஞ்சு வாழற தங்கச்சியை முன்வரிசையிலேர்ந்து எழுப்பிப் பின்னால போகச் சொல்ற அக்காமார்களே, நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். விளக்குக்கு எண்ணெயும் திரியும் போதும். ஏத்தற கையோட ரெஜிஸ்டர் சர்டிபிகேட்டை அது கேக்கறது இல்லை.

பரிகார வியாபாரிகளை விட்டுட்டா இந்தப் பதிவு முடியாது. பிரிஞ்சவங்களைச் சேர்த்து வைக்கறேன்னு முகநூல்ல விளம்பரம் வருது, ஒன்பது வாரம், இருபத்தோரு எலுமிச்சம்பழம், புகைப்படம் அனுப்புங்கன்னு. ஒரு அம்மா நாலாயிரம் வெள்ளி கட்டியிருக்காங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பஸ் காசு ரெண்டு மாசம் பாக்கி. புருசன் வரலை, இன்னும் ரெண்டாயிரம் கட்டினா வருவார்னு சொல்லியிருக்கான் அந்த ஆளு. பிரிவு வந்த புதுசுல மனுசன் எதையும் நம்புவான், அதுவரைக்கும் கெட்டிக்காரனா இருந்தவனும் நம்புவான். அந்த நேரம் பார்த்துக் கை விட்டு எடுக்கறது திருட்டு. நம்ம குருக்கள் ஐயாகிட்ட கேட்டுப் பாருங்க. மனசு ஆறணும்னு வேண்டிக்கிட்டு ஒரு அர்ச்சனை பண்ணும்மா, காசைப் பிள்ளைக்கு வச்சுக்கோன்னுதான் அவர் சொல்றார்.

இவ்வளவு நேரம் கோயில்காரங்களைத் திட்டினேன். பிரிஞ்ச அப்பா அம்மாக்களே, உங்களையும் விடப் போறதில்லை.

பதினோரு மணின்னா பதினோரு மணிக்கு வாங்க. வகுப்பு முடிஞ்சு எல்லாப் பிள்ளையும் போன பிறகு, ஒரு பிள்ளை மட்டும் கேட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கறதை நாங்க பார்க்கறோம். ஓட்டி இருந்துச்சு, ஜாம்னு காரணம் சொல்லாதீங்க. நானும் பிறையில தொழிற்சாலையில சூப்பர்வைசர்தான், ஞாயிறு ஓட்டியை ஒத்துக்கறதும் மறுக்கறதும் யார் கையில இருக்குன்னு எனக்கும் தெரியும். வர முடியலைன்னா முதல் நாளே சொல்லிடுங்க, பிள்ளைக்கும் சொல்லிடுங்க. "அப்பா வருவார்"னு சட்டை மாட்டிக்கிட்டு உட்கார்ந்து ஏமாறதை விட, வரமாட்டார்னு தெரிஞ்சுக்கிட்டு டிவி பார்க்கறது பிள்ளைக்கு நல்லது.

பிள்ளையைத் தபால்காரன் ஆக்காதீங்க. "போய் உங்கப்பாகிட்ட சொல்லு, இந்த மாசக் காசு இன்னும் வரலைன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் பேங்க் இல்லைன்னு." ரெண்டு பக்கமும் சேர்த்து அந்தப் பிள்ளை எத்தனை அடி வாங்குது பாருங்க, ஒரு கை கூட மேல படாம. பேசப் பிடிக்கலைன்னா குறுஞ்செய்தி அனுப்புங்க. நாலு வரி போதும்: எத்தனை மணி, எந்த மருந்து, எந்தப் புத்தகம், எப்ப திரும்ப. பழைய கதை அதுல வேணாம். காசும் பிள்ளையும் வேற வேற கணக்கு. காசு வரலைன்னா அதுக்குக் கோர்ட்டு இருக்கு. வக்கீலுக்கு வசதி இல்லாதவங்க சட்ட உதவி இலாகாவுல போய்க் கேக்கலாம், வருமானத்தைப் பார்த்து எடுத்து நடத்துவாங்க. காசு வரலைன்னு பிள்ளையைக் காட்டாம வச்சுக்கறதும், பிள்ளையைக் காட்டலைன்னு காசை நிறுத்தறதும் பிள்ளையோட வயித்துலதான் அடிக்குது. இன்னொண்ணு, பிள்ளை அங்க என்ன சாப்பிட்டுச்சு, யார் வந்தாங்க, என்ன பேசினாங்கன்னு வந்ததும் விசாரணை வைக்காதீங்க. குளிக்க வைங்க, சாப்பாடு போடுங்க. சொல்லணும்னு தோணினா அதுவே சொல்லும்.

ஆம்பளைங்களுக்குத் தனியா. என் லைன்ல பார்த்திருக்கேன். வீடு பிரிஞ்ச ஆளு முதல்ல செய்யறது நைட் ஷிப்ட் கேக்கறது. காலி ரூமுக்கு ராத்திரியில போகப் பயம். அடுத்தது வாரம் ஏழு நாளும் வேலை. சம்பளம் கூடும், ஆள் கரைஞ்சு போவான். மூணாவது மாசம் மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்குவான். என்னடா ஆச்சுன்னா "ஒண்ணும் இல்ல பாஸ்". சில பேர் பாட்டில் பக்கம் போயிடறாங்க. நம்ம ஊர்ல பொம்பளை அழுதா நாலு பேர் வந்து என்னன்னாவது கேப்பாங்க, ஆம்பளை அழுதா யாரும் பக்கத்துல வர மாட்டாங்க, நண்பன்கூட "விடு மச்சான், வா ஒரு ரவுண்டு போடலாம்"பான். அதனால சொல்றேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வராத வாரமும் கோயிலுக்கு வாங்க. காய் நறுக்குங்க, அண்டா கழுவுங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டோம். கைக்கு வேலை இருந்தா மண்டை கொஞ்சம் சும்மா இருக்கும். பிள்ளைக்கும் அப்பா எங்க இருப்பார்னு தெரிஞ்சிருக்கும்.

பொம்பளைங்க நிலைமை வேற மாதிரி. அவங்களுக்குத் தனியா இருக்கவே நேரம் இல்லை. காலையில பள்ளிக்கூடம், வேலை, டியூசன், சமையல், ராத்திரி பத்து மணிக்கு யூனிபார்ம் துவைக்கறது. அழறதுக்கே பாத்ரூம்ல அஞ்சு நிமிசம்தான். பிள்ளை அப்பாவோட போற அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வீடு அமைதியா இருக்கும், அப்பத்தான் எல்லாம் ஒண்ணா வந்து மேல விழும்னு ஒரு தங்கச்சி சொல்லுச்சு. அந்த மாதிரி நேரத்துல அவங்களுக்கு வேண்டியது புத்திமதி இல்லை. வகுப்புக்குப் பிள்ளையை ஏத்திக்கிட்டு வர ஒரு கார், பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஒரு மணி நேரம் பார்த்துக்க ஒரு ஆள். நம்மகிட்ட இருக்கு, கொடுக்கலாம்.

யாருக்காவது தாங்க முடியாமப் போனா, 15999 தாலியான் காசே, எந்த நேரமும் எடுப்பாங்க. பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. பேர் சொல்லணும்னு கூட இல்லை. கோயில் நோட்டீஸ் போர்டுல இந்த ரெண்டு நம்பரையும் பெரிய எழுத்துல ஒட்டச் செயலாளர்கிட்ட கேட்டிருக்கேன். திருவிழா உபயக்காரர் பட்டியலைக் கொஞ்சம் மேல தள்ளினா இடம் இருக்கு.

அப்புறம் நடைமுறை விசயம். மண்டபத்துக்குப் பின்பக்கம், தண்ணி ஃபில்டர் இருக்கற இடத்துல ரெண்டு பெஞ்ச் போட்டாச்சு, தலைவர்கிட்ட கேட்டுட்டுத்தான். மின்விசிறி வேலை செய்யுது. பிள்ளைக்காகக் காத்திருக்கற அப்பாவோ அம்மாவோ வெயில்ல கேட்டுகிட்ட நிக்க வேணாம், அங்க வந்து உட்காருங்க. வகுப்பு ஆசிரியைகிட்ட யார் கூட்டிட்டுப் போவாங்கன்னு பேரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துடுங்க. கோர்ட் உத்தரவு ஏதாச்சும் இருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, தெரியாம நாங்க யார்கிட்டயாவது பிள்ளையை அனுப்பிடக் கூடாது.

பெஞ்சே கூடாதுன்னு நினைக்கறவங்க, வர்ற கமிட்டிக் கூட்டத்துல பேர் போட்டு எழுத்துல கொடுங்க. குரூப்புல கைகூப்பற படம் போட்டா கணக்குல வராது.

ஞாயிறு அன்னதானம் இந்த வாரம் சாம்பார், முட்டைக்கோஸ் கூட்டு, ரசம், பாயசம். காய் நறுக்கக் காலை 7 மணிக்கு நாலு பேர் குறையுது. கத்தி, பலகை எல்லாம் நாங்களே வச்சிருக்கோம். வர்றவங்க கீழ பேர் போடுங்க.